ராசாங்கம் உக்காராத சீட்டு

பின்னால வேணாம் டீச்சர், முன்னால ஏறுங்க. அந்தக் கம்பியப் பிடிங்க, படியில கால வைங்க, அவ்வளவுதான். உசரமாத்தான் இருக்கும். டயரப் பெருசு பண்ணினதுல வண்டி ஒரு முழம் ஒசந்துபோச்சு. பையக் குடுங்க, பின்னால வைக்கிறேன்.

சீட்டு நல்லாருக்கா? பயப்படாமச் சாஞ்சு உக்காருங்க. கட்டப்பனையில அடிபட்டு நின்ன ஒரு காருல இருந்து கழட்டுனது. தலைக்கு அண்டக்குடுக்க மெத்தை இருக்கு பாருங்க. இந்த மலையில ஓடுற ஒரு ஜீப்புலயும் இந்த மாதிரி சீட்டு கிடையாது. ராசாங்கத்துக்குன்னு வாங்கிப் போட்டது. யார் யாரோ உக்காந்தாச்சு, இன்னைக்கு நீங்க. அவன் மட்டும் உக்காரல. நாப்பத்தி மூணு நாளாச்சு.

ராசாங்கம் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. நேத்துதான பள்ளிக்கூடத்து ஆர்டர் வாங்கியிருக்கீங்க. நரிப்பாறை போய்ச் சேர ரெண்டு மணி நேரமாகும், பைய சொல்றேன். எனக்கும் பேச ஆளில்ல. முன்னெல்லாம் இந்த வண்டியில இருபது பேரு வருவாங்க டீச்சர். மெய்யாத்தான் சொல்றேன். உள்ள எட்டு, மேல கூரையில அஞ்சு, பின்னால பம்பர்ல நாலு, முன்னால எனக்குப் பக்கத்துல மூணு. நான் பாதி உடம்பு வெளிய தொங்கிக்கிட்டு ஓட்டுவேன். காப்பிப்பழம் பறிக்கப் போற பொம்பளைக, அரிசி மூட்டை, கோழி, கல்யாணச் சீரு, எல்லாம் இதுலதான். சத்தத்துல நம்ம இஞ்சின் சத்தமே கேக்காது.

இப்ப ஆறு பேருக்கு மேல ஏத்தக்கூடாது. ஷாஜி கண்டிசனாச் சொல்லிட்டாரு. ஷாஜின்னா கட்டப்பனையில மெக்கானிக்கு, மலையாளத்துக்காரரு, தங்கமான கையி. பழைய பட்டையெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டாரு. பட்டைன்னா தெரியுமா, அடியில வில்லு கணக்கா வளைஞ்ச இரும்பு இருக்கும், அது மேலதான் வண்டி நிக்கும். இருபது பேரு பாரம் தாங்கணும்னு நான் ஒண்ணு மேல ஒண்ணா பதினோரு பட்டை அடுக்கி வச்சிருந்தேன். ஆளில்லாம வெறும் வண்டியா வந்தா தவளை மாதிரி குதிக்கும், ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்கும். இப்பப் போட்டது மெத்துன்னு மடங்கும். எந்தக் குழியில எறங்குனாலும் நாலு சக்கரமும் தரையிலதான் இருக்கும். இந்தா, இந்தக் குழியப் பாருங்க. தெரிஞ்சுச்சா? தெரியலல்ல. ஆனா ஆறு பேருதான். அதனால கூட்டம் பூராம் வேற ஜீப்புக்குப் போயிருச்சு. அங்க நெருக்கியடிச்சு, திட்டிக்கிட்டு, மிதிச்சுக்கிட்டுப் போகுதுக. இங்க இம்புட்டு எடம் கெடக்கு.

செக்போஸ்ட் தாண்டியாச்சு. இனிமே தாரு கிடையாது. கிளை அடிக்கும், குனிஞ்சுக்கங்க.

ராசாங்கம் நம்ம வண்டியில கட்டை போடுற ஆளு. இருபத்தி நாலு வருசம். இங்கிட்டு ஏத்தத்துல எல்லா ஜீப்புலயும் ஒரு கட்டைக்காரன் உண்டு. பின் பம்பர்ல நின்னுக்கிட்டே வருவான். வண்டி ஏற முடியாம முக்குதுன்னு வைங்க, சட்டுனு குதிச்சு, பின் சக்கரத்துக்கு அடியில கட்டையச் சொருகிருவான். வண்டி பின்னால போகாது. நான் மூச்சு வாங்கிட்டு, கியரப் போட்டு அடுத்த மொழம் ஏறுவேன். மறுபடி சொருகுவான். கட்டை போட்டதும் தகரத்துல ஒரு தட்டு. எடுத்ததும் ரெண்டு தட்டு. பேச்சு கிடையாது. நான் திரும்பிப் பாக்கவும் முடியாது, பாக்கவும் மாட்டேன். தட்டுனா போவேன், தட்டலைன்னா நிப்பேன். அவன் மூஞ்சியப் பாத்ததவிட அந்தச் சத்தத்தக் கேட்டதுதான் ஜாஸ்தி.

அவன்தான் வேணும்னு சனங்க சொல்லும். ராசாங்கம் நின்னா வண்டியில தைரியமா ஏறுவேன்னு சொல்லும் பொம்பளைக. நான் ஓட்டுறேன், அவனுக்கு நல்ல பேரு. ஒரு நாளும் எனக்கு அதுல வருத்தம் இருந்ததில்ல. லேசா இருந்திருக்கும். மனுசன்தான.

போன ஐப்பசியில நல்ல மழை. மேல கழுதைமுட்டுன்னு ஒரு ஏத்தம் வரும், நீங்களே பாப்பீங்க. பொதி கழுதையே அங்கன வந்தா மொரண்டு பண்ணி நின்னுரும், அதான் அந்தப் பேரு. அன்னைக்குப் பதினாறு பேரு வண்டியில. ராசாங்கம் கட்டை போட்டான், தட்டுனான். கட்டை சேத்துல நழுவுதுன்னு மறுபடி கைய உள்ள விட்டுச் சரி பண்ணியிருக்கான். பிரேக்கு நிக்கல. அரை அடி, அரை அடிதான் டீச்சர், வண்டி பின்னால உருண்டுச்சு. அவன் வலது கை ரெண்டு விரலு போச்சு. சத்தம் போடல அவன். பொம்பளைக போட்ட சத்தத்துலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. அந்தக் கை உள்ள கெடக்க, அடுத்த கையில கட்டையப் பிடிச்சு முட்டுக் குடுத்துக்கிட்டு, எல்லாரையும் எறங்கச் சொல்லிட்டுத்தான் கைய உருவுனான்.

பழைய வண்டி. இரும்புதான, எப்ப என்ன பண்ணும்னு யாரு கண்டா. பிரேக்கு எறங்குதுடான்னு அவன் ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டுதான் இருந்தான். அவன் எப்பவும் எதையாவது சொல்லிக்கிட்டுதான் இருப்பான்.

பெரியாஸ்பத்திரியில பதினோரு நாள் கெடந்தான். பதினோரு நாளும் போனேன். டீ வாங்கிக் குடுத்தேன், ஆரஞ்சுப்பழம் உரிச்சுக் குடுத்தேன், பெட்டுக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் வாசிச்சேன். மழை நின்னுருச்சு, ரோட்டுல பாறை விழுந்து கெடக்குன்னு ஊர்க்கதையெல்லாம் சொன்னேன். கையப் பத்தி நானும் பேசல, அவனும் பேசல. எதுக்குப் பேசி அத ஞாபகப்படுத்திக்கிட்டு.

ஆனா மனசுக்குள்ள ஒரு முடிவு எடுத்துட்டேன். இனிமே ஒரு மனுசன் இந்த வண்டிக்கு அடியில கைய விடக்கூடாதுன்னு. தை மாசம் வண்டியக் கொண்டுபோய் ஷாஜி ஷெட்டுல விட்டேன். அவரு சுத்திப் பாத்துட்டு, 'சேட்டா, இதோட வயசுக்கு இதெல்லாம் எதுக்கு, வித்துட்டு வேற வாங்கு'ன்னாரு. நான் சொன்னேன், 'கட்டையில்லாம கழுதைமுட்டு ஏறணும். அது மட்டும் பண்ணிக்குடு. எத்தனை மாசம் ஆனாலும் சரி.' அஞ்சு மாசமாச்சு. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு. பல்லுப் பல்லா வச்ச டயரு, சேத்தக் கடிச்சுக்கிட்டு ஏறும். ஸ்டியரிங்கு பாருங்க, ஒத்த விரலுல திருப்பலாம். மூக்குல ஒரு வின்ச்சு, கயித்த மரத்துல மாட்டிட்டு பட்டன அமுக்குனா வண்டி தன்னயே இழுத்துக்கிரும். முன்னெல்லாம் அந்தச் சோலிக்கு எட்டு ஆம்பளைக எறங்கித் தோள் குடுக்கணும். அப்புறம் இந்தச் சுவிட்ச். இது பின் சக்கரம் ரெண்டையும் பூட்டுற சுவிட்ச். போட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் சுத்தும், ஒண்ணு வழுக்குனா இன்னொண்ணு தள்ளிரும். வண்டி ஒரு எடத்துலயும் நிக்கவே நிக்காது. நிக்காத வண்டிக்குக் கட்டை எதுக்கு?

சீட்டு மட்டும் நான் கேட்டு வாங்குனது. இருபத்தி நாலு வருசம் நின்னுக்கிட்டே வந்தவன். வெயிலு, மழை, புழுதி, எல்லாம் அவன் முதுகுலதான். இனிமே ராசா மாதிரி முன்னால உக்காந்து வரட்டும்னு நெனச்சேன். நானே ரெண்டு நாள் ஷெட்டுல நின்னு, போல்ட்டு போட்டு முறுக்குனேன். உக்காந்து உக்காந்து பாத்தேன். அவன் எனக்கு ரெண்டு விரக்கட ஒசரம் கூட, அதுக்குத் தகுந்தாப்புல கீழ எறக்கி வச்சேன்.

வைகாசிக் கடைசியில வண்டிய எடுத்துக்கிட்டு அடிவாரத்துல டீக்கடை முன்னால வந்து நிப்பாட்டுறேன். எல்லாரும் எந்திரிச்சு வந்துட்டாய்ங்க. ராசாங்கமும் வந்தான், கட்டையோட. உசிலை மரத்துல அவனே செதுக்குன கட்டை அது. தினம் காலையில அத எடுத்துக்கிட்டு வந்து கடையில உக்காந்துருந்தானாம், நான் எப்ப வருவேன்னு. வண்டியச் சுத்திச் சுத்தி வந்தான். டயர மிதிச்சான். குனிஞ்சு பட்டையப் பாத்தான். 'என்னடா மாயா, கெழட்டுக் கழுதைக்குக் கல்யாணம் பண்ணிக் கூட்டியாந்துட்ட'ன்னான். சிரிச்சான். நல்லாத்தான் இருந்தான்.

நான்தான் சொன்னேன், எல்லாருக்கும் கேக்குறாப்புல. 'இனிமே கட்டைக்கு ஆளே வேணாம்டா. மழையோ வெயிலோ ஒத்த ஆளா ஏத்திருவேன்'னு.

கடையில உள்ளவய்ங்க சும்மா இருப்பாய்ங்களா. 'அப்ப ராசாங்கத்துக்குப் பென்சன் எம்புட்டு'ன்னு ஒருத்தன். 'அந்தக் கட்டைய வெறகுக்குக் குடுப்பா, டீ ஆத்தணும்'னு கடைக்காரன். நானும் சிரிச்சேன். எல்லாரும் சிரிக்கிறப்ப நான் மட்டும் மொறச்சுக்கிட்டா நிக்க முடியும்?

அவன் எம்பக்கம் பாத்து, 'அப்ப நானு?'ன்னான்.

'நீ சும்மா முன்னால உக்காந்து வாடா'ன்னேன்.

அவ்வளவுதான் டீச்சர் நான் சொன்னது. நீங்களே சொல்லுங்க, ஒரு கெட்ட வார்த்தை உண்டா அதுல? டீயப் பாதியில வச்சுட்டான். கட்டைய என் காலுக்குப் பக்கத்துல வச்சான். மெல்ல வச்சான். எறிஞ்சிருந்தான்னா நானும் என்னடான்னு சட்டையப் பிடிச்சிருப்பேன், அங்கனயே முடிஞ்சிருக்கும். வச்சுட்டு நடந்து போயிட்டான். சீட்ட அவன் ஏறெடுத்தும் பாக்கல.

தண்ணி குடிக்கிறீங்களா? பாட்டில் அங்கன சொருகியிருக்கு பாருங்க. இந்த ஓடை தாண்டுனா அப்புறம் ஏத்தந்தான்.

மறுநாள் வருவான்னு இருந்தேன். வரல. ரெண்டு நாள், மூணு நாள். நாலாம் நாள் பாத்தா, பொதிக் குதிரை ஓட்டிக்கிட்டு எதுத்தாப்புல வாறான். மேல தோட்டத்துல யாருக்கோ காப்பி மூட்டை எறக்குற வேலை. இந்தப் பாதையில ரெண்டு பேரும் எதுத்தெதுத்தாப்புலதான் வரணும், வேற வழி கிடையாது. நான் வண்டிய ஓரங்கட்டி நிப்பாட்டுவேன். அவன் குதிரைகளப் பாத்துப் பேசிக்கிட்டே போவான். 'ஏ, ஓரமாப் போ, பெரிய வண்டி நிக்குதுல்ல'ன்னு குதிரைக்கிட்டச் சொல்லுவான். எனக்குக் கேக்கணும்னே சொல்லுவான்.

வீட்டுக்கும் போனேன். அவன் சம்சாரம் முத்துப்பேச்சிதான் வெளிய வந்துச்சு. எனக்குத் தங்கச்சி மாதிரி. 'அவரு படுத்துருக்காருண்ணே'ன்னுச்சு. உள்ள அவன் இருமுறது எனக்குக் கேக்குது. 'தாயி, அவனுக்குன்னு சீட்டு போட்டுருக்கேன், வந்து உக்காரச் சொல்லு'ன்னேன்.

'உங்க சீட்ட யாருண்ணே கேட்டா'ன்னுச்சு.

அப்புறம் வாசல்ல நின்ன தள்ளுவண்டியக் காட்டி, 'நீங்க அங்க வண்டிய ஜோடிச்ச அஞ்சு மாசமும், இந்த மனுசன் இந்தச் சக்கரத்துக்குக் கட்டை போட்டுப் பழகுனாரு, இடது கையில. எம்மகன மேட்டுல இருந்து தள்ளச் சொல்லி, காலையில நூறு தடவ, சாயங்காலம் நூறு தடவ. மாயன் வந்துட்டா வேலைக்கு ஆகணும்லன்னு. நீங்க எல்லாரு முன்னாலயும் சும்மா உக்காருன்னுட்டீங்க'ன்னுச்சு.

எனக்கு என்ன டீச்சர் தெரியும்? ஒருத்தராவது சொன்னாங்களா? அஞ்சு மாசம் அவன் ஒரு போன் பண்ணலியே. நானும் பண்ணல, அது வேற. வண்டி முடிஞ்சதும் கொண்டாந்து காட்டணும்னு இருந்தேன்.

'ஆஸ்பத்திரியில பதினோரு நாள் வந்தீங்க, ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களாண்ணே?'ன்னுச்சு முத்துப்பேச்சி. என்ன வார்த்தைன்னு எனக்கு வெளங்கல. எப்படிடா இருக்கன்னு தினம் கேட்டேனே. சாப்பிட்டியாடான்னு கேட்டேனே. வேற என்ன வார்த்தை? அது கதவச் சாத்திருச்சு. மரியாதையாத்தான் சாத்துச்சு.

எம்பொஞ்சாதி போயி ஆறு வருசமாகுது. பிள்ளைக இல்ல. ராத்திரி கஞ்சிய நானே வச்சுக் குடிச்சுக்கிருவேன், அதெல்லாம் பழகிருச்சு. இது பழக மாட்டேங்குது டீச்சர். சும்மா சொல்லல. கழுதைமுட்டு வந்தா இந்த வண்டி நிக்க வேண்டிய அவசியமே இல்ல. சுவிட்சப் போட்டா ஒரே மூச்சுல ஏறிரும். ஆனா நான் பாதி ஏத்தத்துல பிரேக்க மிதிச்சு நின்னுருவேன். ஏன் நின்னோம்னு அப்புறந்தான் யோசிப்பேன். பின்னால ஒரு சத்தமும் இருக்காது. எனக்குக் கிளம்ப மனசு வராது. ஒருக்கா ஒரு பத்து நிமிசம் அப்படியே நின்னுட்டேன். உள்ள இருந்த கவுண்டரம்மா, 'என்னப்பா, வண்டி ரிப்பேரா'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ரிப்பேரானா என்ன?

சிரிக்காதீங்க. போன வியாழக்கிழமை சீட்டுக்கு அடியில கைய விட்டு, அந்தச் சுவிட்சோட ஒயர உருவி விட்டுட்டேன். ஆள் யாரும் இல்ல, வெறும் வண்டி. வின்ச்சு கயித்தயும் வீட்லயே கழட்டிப் போட்டுட்டேன். அவன் குதிரை எறங்குற நேரம் எனக்குத் தெரியும். கழுதைமுட்டுல நடுவுல கொண்டுபோய் நிப்பாட்டி, ஆக்சிலேட்டர மிதிச்சேன். ஒத்தச் சக்கரம் சேத்துல சும்மா சுத்துது, வண்டி கொஞ்சங்கொஞ்சமாப் பின்னால எறங்குது. அவன் மேல வளைவுல வாறான். பாத்துட்டான். குதிரைக் கயித்த அப்படியே விட்டுட்டு ஓடியாந்தான் டீச்சர். அம்பத்தெட்டு வயசு. ஒரு பாறாங்கல்லத் தூக்கிட்டு வந்து சக்கரத்துல வச்சான், இடது கையாலதான் தள்ளி வச்சான். அழுதுருவேனோன்னு ஸ்டியரிங்கக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

வந்து சன்னல்ல நின்னான். 'என்ன ஆச்சு?'ன்னான். 'என்னமோ தெரியலடா, பூட்டு விழ மாட்டேங்குது'ன்னேன். கீழ படுத்தான். பின்னால பாத்தான், ஒயரப் பிடிச்சுக்கிட்டே முன்னால வந்தான். சீட்டுக்கு அடியில பாத்தான். ஒயரு அறுகல, சுத்தமா உருவியிருக்கு. எம்மூஞ்சியப் பாக்கல. மூணு விரலுக்காரக் கையி, மெல்லிசு ஒயரு, சொருகுறதுக்கு நாலஞ்சு தடவ ஆச்சு. நான் பாத்துக்கிட்டே உக்காந்துருக்கேன். சொருகி முடிச்சுட்டு, 'சுவிட்சப் போடுங்க'ன்னான்.

போடுங்கன்னான் டீச்சர். எட்டு வயசுல இருந்து வாடா போடான்னு கூப்புட்டவன். மொதலாளிகிட்டப் பேசுற மாதிரி.

போட்டேன். சக்கரம் பூட்டிருச்சு. கல்ல எடுத்து ஓரமாப் போட்டுட்டு, கையத் தொடச்சுக்கிட்டு குதிரையப் பிடிக்கப் போயிட்டான். இருந்தாலும் பேசிட்டான்ல? ஒரு தடவ பேசுனவன் மறு தடவ பேசாமயா போயிருவான்.

இந்தா, வந்துருச்சு பாருங்க. இதுதான் கழுதைமுட்டு. டீச்சர், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இங்கன எறங்கி, அந்த மாமரத்துக்கிட்டப் போயி நில்லுங்க. பயப்பட ஒண்ணுமில்ல, பிரேக்கு நிக்கும், ஷாஜி போட்ட பிரேக்கு. ஒயர மட்டும் காலையிலயே உருவி விட்டுட்டேன். இந்தத் தடவ சீட்டுக்கு அடியில இல்ல, பின்னால உள்ளுக்குள்ள. லேசுல கண்டுபிடிக்க முடியாது. அவன் கட்டை போட்டு போட்டுத்தான் என்னய மேல கொண்டுபோய்ச் சேக்கணும். அரை மணி நேரமாவது ஆகும். வண்டி ஏறி முடிச்சதும் உங்களக் கூட்டிக்கிறோம், சீட்டு உங்களுக்குத்தான். அவன் பின்னால நின்னுக்கிட்டு வரட்டும், அவன் இஷ்டம்.

ஏன் இப்படிப் பாக்குறீங்க? நேராப் போயி அவங்கிட்டப் பேசிற வேண்டியதுதானன்னா? என்னன்னு பேச. வாடான்னா வருவானா. முத்துப்பேச்சி சொன்ன அந்த ஒரு வார்த்தைய நானும் இத்தன நாளா வாய்க்குள்ள வச்சுப் பாக்குறேன். அது வெளிய வர மாட்டேங்குது டீச்சர். அஞ்சு மாசம் வண்டியப் பிரிச்சு மாட்டுனேன், அதத் தவிர எல்லா வேலையும் பாத்துட்டேன்.

மணிச்சத்தம் கேக்குதா? குதிரைக எறங்குது. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. அவன் வந்து கேட்டா, வண்டி தானாத்தான் பழுதாச்சுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க டீச்சரு, நம்புவான். நான் சொன்னா நம்பமாட்டான். பிரேக்கெல்லாம் சரி பண்ணிட்டேன், தைரியமாக் கைய விடுடான்னு விரலு போன அன்னைக்கு நான் சொன்னத நம்பித்தான் விட்டான்.

எறங்குங்க டீச்சர், வந்துட்டான்.